கே.ஈ.70 காரில் இஞ்சினைப் பின்னுக்குத் தள்ளுவது எப்படி: கிரைண்டரைத் தூக்க முன்னர் செய்யவேண்டியவை

உங்களிடம் கே.ஈ.70 என்ற, பின்சில்லு இழுக்கும் பழைய டொயோட்டா கொரோலா ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். மட்டக்களப்புப் பக்கம் செங்கலடியால் திரும்பிப் பதுளை வீதியில் ஓடிப் பார்த்திருப்பீர்கள். மலைப்பக்க வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் காரின் மூக்கு நேரே போகத்தான் பார்க்கும். முன்னச்சில் பாரம் கூட. அந்தப் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்றுதான் என்னுடைய கே.ஈ.70இன் இஞ்சினையும் கியர்பொக்சையும் சேர்த்து 140 மில்லிமீற்றர் பின்னுக்குத் தள்ளினேன். மூன்று கிழமையில் முடியும் என்று நினைத்த வேலைக்குப் பதினொரு கிழமை போனது. இரண்டு இடத்தில் ஒட்டியதை மறுபடி வெட்ட வேண்டி வந்தது. நான் செய்த ஒழுங்கு பிழை. செய்திருக்க வேண்டிய ஒழுங்கில் இதை எழுதுகிறேன்.

1. முதலில் நிறுங்கள்

எந்தச் சில்லில் எத்தனை கிலோ நிற்கிறது என்று தெரியாமல் ஒரு ஆணியைக்கூடக் கழற்ற வேண்டாம். லொறி நிறுக்கும் பெரிய தராசு இதற்கு உதவாது. அது பத்து, இருபது கிலோக் கணக்கில்தான் காட்டும், நாங்கள் தேடுவது ஐந்து பத்துக் கிலோ வித்தியாசம். உங்களுக்கு வேண்டியது அரிசி ஆலையில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு, 300 கிலோ வரை தாங்குவது, இரண்டு. சம்மாந்துறைப் பக்கம் ஆலைக்கு ஆலை இருக்கிறது. நான் போன ஆலைக்காரர், "தம்பி, நெல்லு நிறுக்கிற சாமான், உடைச்சிராதீங்க" என்றார். "இல்ல காக்கா, ஒரு சில்லுதான் ஏறும், 240 கிலோவுக்கு மேல வராது" என்று சொல்லித்தான் வாங்கினேன். அறுவடைக் காலத்தில் கேட்டுப் போகாதீர்கள், தர மாட்டார்கள்.

சீமெந்துத் தரை மட்டமாக இருக்க வேண்டும். முன்சில்லு இரண்டையும் தராசுகளில் ஏற்றினால், பின்சில்லுகளுக்குக் கீழே தராசின் அதே உயரத்துக்குப் பலகை வையுங்கள். கியர் நியூற்றலில், ஹேண்ட் பிரேக் இறங்கியபடி, காரை இரண்டு தரம் அமுக்கி ஆட்டிவிட்டு வாசியுங்கள். பிறகு மாற்றிப் பின்சில்லுகளை ஏற்றுங்கள். பெற்றோல் எவ்வளவு இருந்தது என்று எழுதி வையுங்கள், கடைசியில் நிறுக்கும்போதும் அதே அளவு இருக்க வேண்டும்.

என் கார் அரைத் தாங்கிப் பெற்றோலுடன், ஆள் இல்லாமல், 868 கிலோ. முன்னால் 477, பின்னால் 391. நூற்றுக்கு 55 முன்னால் நின்றது.

2. கணக்கு ஒன்றே ஒன்றுதான்

ஒரு பொருளை முன்னிருந்து பின்னுக்கு நகர்த்தினால் முன்னச்சில் எவ்வளவு குறையும்? பொருளின் கிலோவை நகர்த்தும் தூரத்தால் பெருக்கி, முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையிலுள்ள தூரத்தால் பிரியுங்கள். கே.ஈ.70இல் அந்த இடைத்தூரம் 2.4 மீற்றர். முன்னச்சில் குறைவது அத்தனையும் பின்னச்சில் ஏறும்.

என் இஞ்சினும் கியர்பொக்சும் சேர்ந்து 138 கிலோ. 0.14 மீற்றரால் பெருக்கி 2.4 ஆல் பிரித்தால் 8 கிலோ. அவ்வளவுதான்.

இப்போது பற்றரியைப் பாருங்கள். 12 கிலோ. முன் விளக்குக்குப் பின்னால் இருக்கும் அதைத் தூக்கி டிக்கியில் வைத்தால் 3 மீற்றர் நகர்கிறது. 12ஐ 3 ஆல் பெருக்கி 2.4 ஆல் பிரித்தால் 15 கிலோ. ஒரு சனிக்கிழமை வேலை, பதினொரு கிழமை வேலையைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தருகிறது. இந்தக் கணக்கை நான் இஞ்சினை ஒட்டி முடித்த பிறகுதான் ஒரு கொப்பியில் போட்டுப் பார்த்தேன். கணக்குப் போட்ட அன்று இரவு நித்திரை வரவில்லை.

அப்படியானால் இஞ்சினைத் தள்ளுவதில் பலனே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் அது தராசில் தெரியாத பலன். இரண்டு கையிலும் தண்ணீர்க் கான்களை நீட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள். பிறகு அதே கான்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திருப்பிப் பாருங்கள். பாரம் நடுவுக்குக் கிட்ட வர வர, கார் வளைவுக்குள் திரும்பத் தொடங்குவதும் வளைவு முடிந்து நேராவதும் சுறுசுறுப்பாகும். இஞ்சினைத் தள்ளுவது பாரத்தை நடுவுக்குக் கொண்டுவருகிறது. பற்றரியை டிக்கிக்குக் கொண்டுபோவது பாரத்தை மறுமுனைக்குக் கொண்டுபோகிறது. அதனால் பற்றரியைப் பின்னச்சுக்கு எவ்வளவு கிட்ட வைக்க முடியுமோ அவ்வளவு கிட்ட வையுங்கள். வால் நுனியில் வைத்து இன்னும் ஒரு கிலோ பிடிக்கப் பார்க்க வேண்டாம்.

என் கருத்து இது: தினசரி ஓடும் காருக்குப் பற்றரி போதும். போட்டிக்கு என்றே காரைக் கட்டுகிறீர்கள், கையில் நேரமும் பணமும் இருக்கிறது என்றால் மட்டும் 5ஆம் படிக்குப் போங்கள்.

3. புத்தகமும் செசி நம்பரும்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

கே.ஈ.70இல் செசி நம்பர் அடித்திருப்பது இஞ்சினுக்கும் ஆள் இருக்கும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரில், அதாவது ஃபயர்வாலில். நீங்கள் வெட்டப்போவதும் அதே சுவரைத்தான். நம்பர் இருக்கும் தகட்டை வெட்டி எடுத்தாலோ, வேறு இடத்தில் ஒட்டினாலோ, பக்கத்தில் வெல்டிங் அடித்து எழுத்துகள் சிதைந்தாலோ, கார் களவுக் கார் அல்ல என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். நம்பரைத் தேடித் துடைத்து, வெளிச்சத்தில் படம் எடுத்து, அதைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு மார்க்கரால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குள் கிரைண்டரும் வெல்டிங்கும் போகக் கூடாது. கோட்டுக்குள் வெட்டாமல் 140 மில்லிமீற்றர் கிடைக்காது என்றால் 100உடன் நில்லுங்கள்.

கடதாசிகள்:

- பதிவுப் புத்தகத்தின் மூலப்பிரதி. உங்கள் பெயரில் இருக்க வேண்டும். பெயர் மாற்றாமல் ஓப்பன் பேப்பரில் ஓடும் கார் என்றால், முதலில் பெயரை மாற்றுங்கள். பழைய உரிமையாளரின் பெயரில் இருக்கும் காரை வெட்டிவிட்டு அவரைத் தேடிப் போவது நல்லதில்லை.
- புத்தகத்தில் பூரண உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் இருந்தால் அவர்களின் எழுத்துமூலச் சம்மதம்.
- இஞ்சின் நம்பர், செசி நம்பர் இரண்டும் புத்தகத்தில் உள்ளபடி இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். என்னுடையதில் முந்திய உரிமையாளர் இஞ்சினை மாற்றியிருந்தார், புத்தகத்தில் பழைய நம்பர். அதைத் திருத்தவே நான்கு கிழமை போனது.
- காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ், வருமான அனுமதிப்பத்திரம்: மூன்றுக்கும் இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று பாருங்கள். கார் கராச்சில் பிரிந்து கிடக்கும்போது புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக முடியாது, அது இல்லாமல் பிரதேச செயலகத்தில் அனுமதிப்பத்திரம் எடுக்கவும் முடியாது.

புத்தகத்தில் பதிந்திருக்கும் விவரம் எது மாறினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். அதே இஞ்சினை அதே காரில் நகர்த்துவதால் நம்பர் எதுவும் மாறாது, ஆனால் உடலின் தகடு வெட்டப்படுகிறது. ஆகவே செய்யப்போவதை ஒரு பக்கத்தில் எழுதி, படத்துடன், மாவட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். நான் வாயால் கேட்டேன், ஒருவர் "பரவாயில்லை" என்றார், அடுத்த கிழமை இன்னொருவர் "ஏன் கேட்காமல் செய்தீர்கள்" என்றார். காப்புறுதிக் கொம்பனிக்கும் எழுத்தில் அறிவியுங்கள். அறிவிக்காத மாற்றத்தைக் காட்டி நட்டஈட்டை மறுக்க இடம் கொடுக்கக் கூடாது.

போட்டிக்கான கார் என்றால் ஒரு வேலை கூட. நுவரெலியா மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியோ வேறு எதுவோ, நீங்கள் போகும் போட்டியின் விதிகளைக் கையில் எடுத்து, உங்கள் பிரிவில் இஞ்சினின் இடத்தை மாற்றலாமா என்று வாசித்துவிட்டு வெட்டுங்கள்.

4. பற்றரியை டிக்கிக்கு

இதைச் சின்ன வேலை என்று நினைத்துத்தான் பலர் காருக்குத் தீ வைக்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது நான்கு.

கேபிள். ஸ்டார்ட்டர் 200 அம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 5 மீற்றர் நீளத்தில் 35 சதுர மில்லிமீற்றர் செம்புக் கேபிள் அரை வோல்ற் தின்னும். 16 சதுர மில்லிமீற்றர் போட்டால் ஒரு வோல்றுக்கு மேலே தின்னும், காலையில் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும். எனவே 35. கடையில் வெல்டிங் கேபிள் என்று மலிவாகத் தருவார்கள். ஒரு கம்பி இழையைப் பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வேண்டாம்.

பியூஸ். பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், 200 முதல் 250 அம்பியர். கேபிள் எங்காவது தகட்டில் உரசி வெட்டுப்பட்டால் அதைக் காப்பாற்றுவது இந்தப் பியூஸ் மட்டுமே. தகட்டில் துளைபோடும் ஒவ்வோர் இடத்திலும் றப்பர் வளையம் போடுங்கள். கேபிளைக் காருக்கு அடியால் கொண்டுபோகாமல் உள்ளே கதவோரத் தகட்டுக்குப் பக்கத்தால் கொண்டுபோங்கள்.

காற்று. சாதாரண அமிலப் பற்றரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே அது பற்றக்கூடியது. மூடிய பெட்டிக்குள் பற்றரியை வைத்து, பெட்டியிலிருந்து ஒரு குழாயைக் காருக்கு வெளியே இறக்குங்கள். பெட்டியை இரும்புப் பட்டியால் தரையோடு போல்ற் போட்டு இறுக்குங்கள். துணிப்பட்டி போதாது.

எர்த். பற்றரியின் எதிர்முனையைப் பெயின்ற் சுரண்டிய தகட்டில் போட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். முன்னால் இஞ்சினிலிருந்து உடலுக்குப் போகும் எர்த் பட்டியும் அதே தடிப்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் அக்சிலரேற்றர் கேபிள் வழியாகத் திரும்பும். என்னுடைய அக்சிலரேற்றர் கேபிளின் உறை உருகி ஒட்டியது அப்படித்தான்.

5. இஞ்சின்: மட்டையில் ஒரு ஒத்திகை

இஞ்சினைச் செயின் புளொக்கில் தொங்கவிட்டு, இஞ்சினைத் தாங்கும் பிடியான பழைய மவுன்ரைக் கழற்றி, சும்மா பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். எங்கே முட்டுகிறது என்று அதுவே சொல்லும். ஓயில் சம்ப் குறுக்குச் சட்டத்தில் முட்டுகிறதா, மனிஃபோல்ட் ஸ்டியரிங் தண்டில் முட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். இந்த இரண்டில் ஒன்று முட்டினால் செலவு இரண்டு மடங்கு.

பிறகு தடித்த மட்டையை வெட்டி, புதிய சுவரும், கியர்பொக்சை மூடும் புதிய நடுக்குழாயும் எப்படி வரும் என்று காருக்குள்ளேயே ஒட்டிக் காட்டுங்கள். சீற்றில் உட்கார்ந்து கிளச்சை மிதியுங்கள். இடது காலுக்கு இடம் இருக்கிறதா? கியர் லிவர் 140 மில்லிமீற்றர் பின்னுக்கு வரும், மூன்றாம் கியரிலிருந்து நான்காவதுக்கு இழுக்கும்போது முழங்கை சீற்றில் இடிக்கிறதா?

இஞ்சின் ஓடும்போது ஆடும். அதற்கு எல்லாப் பக்கமும் 20 முதல் 25 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். அடுத்ததுதான் என்னைப் பிடித்த பொறி: கியர்பொக்சை இஞ்சினோடு பிடிக்கும் மேல் போல்ற்கள். சுவரை ஒட்டி, பூசி, பெயின்ற் அடித்து, இஞ்சினை இறக்கிய பிறகு பார்த்தால், மேலே உள்ள இரண்டு போல்றிலும் ஸ்பானர் ஏறவில்லை. விரல் நுனி படுகிறது, ஸ்பானர் திரும்ப இடமில்லை. கிளச் தட்டு மாற்ற வேண்டி வந்தால் காரை மறுபடி வெட்ட வேண்டும். அன்றே வெட்டினேன். ஆகவே மட்டை ஒத்திகையின்போதே ஸ்பானரைக் கையில் எடுத்து ஒவ்வொரு போல்றிலும் போட்டுத் திருப்பிப் பாருங்கள். டப்பெற் அடிக்க, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்ய, இஞ்சின் தலையிலுள்ள ரொக்கர் மூடி மேலே வருமா என்பதையும் பாருங்கள்.

6. வெட்டும் ஒட்டும்

எங்கள் ஊரில் இதற்குக் காலம் பார்க்க வேண்டும். மாரி மழையில் உடலைத் திறக்கக் கூடாது. வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று. காஸ் வைத்து அடிக்கும் வெல்டிங்கில் காற்று காஸை அள்ளிக்கொண்டு போய்விடும், ஒட்டு முழுக்கத் தேன்கூடு மாதிரி துளை விழும். கராச்சுக்குச் சுவர் இல்லாவிட்டால் தறப்பாள் கட்டியே தீர வேண்டும். தைப்பொங்கல் முடிந்து மழை ஓய்ந்ததிலிருந்து சித்திரை வரைக்கும் நல்ல காலம்.

வெல்டிங் தொடங்க முன் பற்றரியைக் கழற்றுங்கள், ஒல்ரனேற்றர் வயரையும் கழற்றுங்கள், பெற்றோல் குழாயை அந்த இடத்திலிருந்து முழுதாக எடுங்கள், தரை விரிப்பை வெளியே போடுங்கள், தீயணைப்பான் ஒன்றைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். நீளக் கோடாக ஒரே இழுப்பில் ஒட்டினால் மெல்லிய தகடு நெளியும். புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி ஒட்டச் சொல்லுங்கள்.

கடலும் வாவியும் பக்கத்தில் இருப்பதால் பச்சை இரும்பு இங்கே நிற்காது. பின்னேரம் ஐந்து மணிக்கு வெட்டிய விளிம்பு அடுத்த நாள் காலையில் செம்மஞ்சளாக இருந்தது, கையால் தடவினால் தூள் ஒட்டியது. வெட்டிய அன்றே துருத் தடுப்புப் பூச்சு அடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

7. புரொப்பெல்லர் சாஃப்ட்

கியர்பொக்சிலிருந்து பின்னச்சைச் சுழற்றும் நீளத் தண்டு இது. இஞ்சின் எவ்வளவு பின்னுக்குப் போனதோ அவ்வளவு சாஃப்ட் குறைய வேண்டும். ஆனால் 140 போனது, 140 வெட்டு என்று சொல்லி அனுப்ப வேண்டாம். கார் நான்கு சில்லிலும் நிற்கும்போது அளந்து கொடுங்கள், ஜாக்கியில் தூக்கிப் பின்னச்சு தொங்கும்போது அளந்தால் பிழைக்கும். கியர்பொக்சுக்குள் போகும் நுனி, முழுதாக உள்ளே தள்ளிய இடத்திலிருந்து ஒரு 25 மில்லிமீற்றர் வெளியே நிற்க வேண்டும். பின்னச்சு ஏறி இறங்க அந்த இடம் தேவை.

கோணம்: கியர்பொக்சின் வெளித்தண்டும் பின்னச்சின் உள்தண்டும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்க வேண்டும், ஒரு பாகைக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். சாஃப்டுக்கும் அவற்றுக்கும் இடையே ஒன்று முதல் மூன்று பாகை. ஃபோனில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியே போதும்.

லேத்தில் வெட்டி ஒட்டும்போது இரண்டு முனையிலும் ஜொயின்றைப் பிடிக்கும் இரட்டைக் கிளைகள் ஒரே நேரில் இருக்க வேண்டும். வெட்ட முன்னரே குழாயின் நீளத்துக்கும் ஒரு கோடு கீறிக் கொடுங்கள். பிறகு சுழற்றிச் சமநிலை பார்க்கும் இயந்திரம் உள்ள இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். நான் முதலில் அதைச் செய்யவில்லை. மஹா ஓயா வீதியில் 80இல் போகும்போது உள் கண்ணாடியில் பின்னால் வந்த லொறி இரண்டு லொறியாகத் தெரிந்தது, சீற்றுக்குக் கீழே தகடு இரைந்தது. அப்படியே வேகத்தைக் குறைத்துத் திரும்பி வந்து, சாஃப்டைக் கழற்றி இரவு பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பினேன். சாஃப்டின் முன்பாதிக்குக் கீழே ஒரு இரும்பு வளையமும் போடுங்கள். ஜொயின்ற் உடைந்தால் சாஃப்ட் தரையில் குத்தாமல் அது தாங்கும்.

8. நீளம் மாறவேண்டியவை

ரேடியேற்றர் குழாய்கள், பெற்றோல் குழாய், அக்சிலரேற்றர் கேபிள், கிளச் குழாய், வேகமானி கேபிள், இஞ்சின் வயர்கள், சைலன்சரின் முன்துண்டு. எல்லாம் ஒரே நாளில் வேண்டும் என்று நினைவில் வையுங்கள், ஒன்று குறைந்தாலும் கார் ஓடாது.

இதில் எல்லாரும் மறப்பது காற்றாடி. இஞ்சினோடு சேர்ந்து அதுவும் பின்னுக்குப் போய்விடும், ரேடியேற்றர் முன்னால் நிற்கும். எங்கள் வெயிலில் கல்முனைச் சந்தி நெரிசலில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், ஊசி ஏறும். மின்சாரக் காற்றாடி போடுங்கள், அல்லது ரேடியேற்றரையும் பின்னுக்குக் கொண்டுவாருங்கள். பின்னதுதான் நல்லது, தண்ணீரோடு சேர்ந்த அந்தப் பாரமும் நடுவுக்கு வருகிறது.

9. செலவும் நாளும்

எனக்கு ஆனது இது. பற்றரி: கேபிள் 15,000, பியூசும் பிடியும் 3,500, பெட்டியும் குழாயும் 4,000, முனைகள் 2,500. மொத்தம் 25,000 ரூபா. கேபிளின் பாரமும் சேர்ந்த பிறகு முன்னச்சில் குறைந்த பாரம் 14 கிலோ. இஞ்சின்: தகடும் வெல்டிங்கும் 60,000, மவுன்ர்கள் 25,000, சாஃப்ட் 38,000, காற்றாடியும் தண்ணீர்க் குழாய்களும் 22,000, மற்றக் குழாய்களும் கேபிள்களும் 18,000, பெயின்ற் 20,000. மொத்தம் 183,000 ரூபா. முன்னச்சில் குறைந்த பாரம் 8 கிலோ. கிலோவுக்கு என்று பிரித்தால் பற்றரியில் ஏறக்குறைய 1,800 ரூபா, இஞ்சினில் ஏறக்குறைய 23,000 ரூபா. இரண்டாவது தரம் வெட்டி ஒட்டிய கூலி இதில் இல்லை, வெல்டிங் அடித்த பாஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை வாங்கவில்லை.

நாள்: கடதாசிக்கு நான்கு கிழமை, வெட்டி ஒட்ட மூன்று, சாஃப்டுக்கு இரண்டு, மிச்சத்துக்கு இரண்டு. கடதாசியை நீங்கள் முதலே முடித்தால் ஏழில் முடியும்.

10. ரோட்டில் இறங்கிய பிறகு

முன்பக்கம் இலேசானதால் சில மில்லிமீற்றர் உயர்ந்து நிற்கும். சில்லு நேர்பார்த்தலைப் புதிதாகச் செய்யுங்கள், விளக்கின் உயரத்தையும் சரிபாருங்கள். யாரும் இல்லாத நேரான இடத்தில் 40இல், பிறகு 60இல், பிரேக்கை அழுத்திப் பாருங்கள், எந்தப் பக்கமாவது இழுக்கிறதா என்று. முதல் 500 கிலோமீற்றருக்குள் மவுன்ர், சாஃப்ட் போல்ற்கள் எல்லாவற்றையும் இரண்டு தரம் இறுக்குங்கள். விரிப்பை ஒட்டாமல் சும்மா விரித்துவிட்டு, ஒட்டுக்கோடுகளை வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு வந்தால் பெரும்பாலும் மவுன்ர் மூலையில்தான் வரும்.

அப்புறம் அதே அரைத் தாங்கிப் பெற்றோலோடு அரிசி ஆலைக்குப் போங்கள். எனக்கு முன்னால் 455, பின்னால் 415 காட்டியது. நூற்றுக்கு 52.3. ஆலைக்காரக் காக்காவுக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டு, தராசுகளைத் துடைத்து, எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.